உங்களுக்குத் தெரியுமா? பெட்டியில் வந்த கார்கள்

ஆக்லாந்தின் மழைக்காலம் வீட்டுக்குள்ளேயே உட்காரவைக்கும். அந்த மாதங்களில் பல வீட்டு கராஜ்களில் பழைய கார்கள் பிறக்கின்றன, உள்ளங்கை அளவில். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து ஒரு காரைச் செய்வது பாதி வேலை. அதை நிஜக் காரோடு ஒப்பிட்டு, ‘இந்த விளக்கு தப்பு, அந்த மட்கார்டு தப்பு’ என்று சக ஆட்களோடு வாதாடுவது மீதிப் பாதி. அந்த வாதங்களுக்குக் கொஞ்சம் தீனி இதோ.

● நியூசிலாந்தில் நிஜக் கார்களே பல பத்தாண்டுகள் ‘கிட்’டாகத்தான் வந்தன. முழுக் காராக இறக்கினால் வரி அதிகம். பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் குறைவு. இந்த முறைக்கு சி.கே.டி. என்று பெயர். டயர், பேட்டரி, சீட் துணி போன்றவற்றை உள்ளூரிலேயே வாங்கிப் பொருத்தினார்கள். ஆக்லாந்தின் நியூமார்க்கெட், பான்மியூர், ஒட்டாஹுஹு எல்லாம் அப்படிக் கார் பூட்டிய இடங்கள். கடைசித் தொழிற்சாலைகள் 1998-ல் மூடப்பட்டன. கார் வந்த மரப்பெட்டிகளையும் யாரும் வீசவில்லை. ஷெட்டாகவும் கடற்கரைக் குடிலாகவும் அவை மறுபிறவி எடுத்தன.

● வெலிங்டனில் ஒரு கார் தொழிற்சாலை ஒன்பது மாடி உயரம்! கோர்ட்னி பிளேஸ் வீதியில் 1922-ல் கலோனியல் மோட்டார் கம்பெனி கட்டியது. ஃபோர்டு கார்களின் பாகங்களை மேல்தளத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு மாடியாக இறங்க இறங்கக் கார் வடிவம் பெறும். கிட் பெட்டியில் வரும் விளக்கத்தாளை எழுப்பி நிறுத்தினால் இந்தக் கட்டடம்தான். இன்றும் நிற்கிறது, இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

● 1/24, 1/25, 1/32, 1/43. இந்த எண்களைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு 1/24. பிரிட்டிஷ் பொம்மை ரயில்காரர்கள் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்திருந்த அளவிலிருந்து வந்தது 1/43. அமெரிக்கக் கார் ஷோரூம்களில் விளம்பரத்துக்குக் கொடுத்த குட்டிக் கார்களின் வழி வந்தது 1/25.

ஒரே காரை இரண்டு கம்பெனிகள் செய்திருந்தால் எது சரி என்று கண்டுபிடிக்க எளிய வழி: முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். ஃபோர்டு மாடல் டி-யில் இது 100 அங்குலம், அதாவது 2,540 மி.மீ. 1/24-ல் கிட்டத்தட்ட 106 மி.மீ. வரவேண்டும், 1/25-ல் 101.6, 1/32-ல் 79. பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாதீர்கள், ஸ்கேலை நம்புங்கள்.

● மாடல் டி என்றாலே கறுப்பு என்று நினைத்து ஸ்ப்ரே டின்னைக் கையில் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான அந்தக் கார், கறுப்பில் மட்டுமே வந்தது 1914-லிருந்து 1925 வரைதான். அதற்கு முன்னால் பச்சை, சிவப்பு, சாம்பல், நீலம் எல்லாம் உண்டு. ரேடியேட்டரும் அப்படித்தான். 1916 மாடல் வரை பளபளக்கும் பித்தளை, 1917-லிருந்து கறுப்பு. வெள்ளி மாதிரி மின்னும் குரோம் அன்றைக்குக் கார்களுக்கு வரவே இல்லை. 1920-களின் பிற்பாதியில்தான் அது பரவியது. 1912 காருக்குக் குரோம் விளக்கு வைத்து யாராவது காட்டினால் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

● அதே மாடல் டி-யில் நியூசிலாந்துக்காரருக்கு இன்னொரு தலைவலி. உக்ரைனின் கீவ் நகரத்து ஐ.சி.எம். கம்பெனி 1/24-ல் அருமையான மாடல் டி கிட்டுகள் போடுகிறது. ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே ஓடிய மாடல் டி-க்களோ கனடாவின் வாக்கர்வில்லில் செய்து அனுப்பியவை, ஸ்டியரிங் வலது பக்கம். இந்தியாவுக்கும் கனடாவிலிருந்துதான் போயின. ஆகவே உள்ளூர்க் கார் வேண்டுமென்றால் ஸ்டியரிங் தண்டையும் மிதிகளையும் பிடுங்கி இடம் மாற்றவேண்டும்.

அதோடு முடிந்ததா? இல்லை. அமெரிக்க டூரிங் கார்களில் பல ஆண்டுகள் ஓட்டுநர் பக்க முன்கதவு வெறும் அச்சு. கோடு இருக்கும், திறக்காது. கனடா கார்களில் அந்தக் கதவும் திறக்கும். கீல் கூட வைக்கவேண்டும், கைப்பிடியும் வைக்கவேண்டும். ‘அட, இவ்வளவு யார் பார்க்கப்போகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒத்துவராது.

● மோரிஸ் மைனரின் பானட் நடுவே நீளவாக்கில் ஒரு பட்டை ஓடும். அழகுக்கு வைத்ததல்ல. முன்மாதிரிக் கார் ஒல்லியாக இருப்பதாக வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸுக்குக் கடைசி நேரத்தில் தோன்றியது. காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் ‘போதும்’ என்றார். அந்த நாலு அங்குலத்தை மூடத்தான் பட்டை. முன்கூட்டியே செய்துவைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு சேர்த்தார்கள்.

ஏர்ஃபிக்ஸ் போட்ட 1/32 மோரிஸ் மைனரில் அந்த 4 அங்குலம் 3.2 மி.மீ. ஆகும். பானட்டில் உப்புத்தாள் போடும்போது ஆவேசமாகத் தேய்த்தால் பட்டை மழுங்கிவிடும். பட்டை போனால் மைனர் போச்சு.

● இந்த மோரிஸ் மைனரை நியூமார்க்கெட்டில் டொமினியன் மோட்டார்ஸ் பூட்டி விற்றது. இன்று அந்தப் பக்கம் கடைத்தெருக்கள். இலங்கையிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த தமிழருக்கு இந்தக் காரை அறிமுகம் செய்யவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மோரிஸ் மைனரும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் வீட்டுக்காராகவும் வாடகைக்காராகவும் ஓடிய ஓட்டம் ஊரறிந்தது. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்படிப்பட்ட காரை மாடலாகச் செய்கிறவர் தயவுசெய்து பளபளவென்று விடாதீர்கள். பின்பம்பருக்குக் கீழே கொஞ்சம் கரி பூசுங்கள், புகைக்குழாய் கறுத்திருக்கட்டும்.

● சென்னைக்காரருக்கும் ஒரு கிட் உண்டு. ஏர்ஃபிக்ஸ் 1/32-ல் டிரையம்ஃப் ஹெரால்டு போட்டது. நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இதுதான் மூலம். வண்டலூர் பக்கத் தொழிற்சாலையில் 1961-லிருந்து தயாரானது. ஹெரால்டு ஏன் வெளிநாடுகளில் பூட்டுவதற்குத் தோதாக இருந்தது தெரியுமா? அடியில் தனிச் சேஸிஸ். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் முடுக்கிவிடலாம். ஒருவகையில் அது பிறவியிலேயே மாடல் கிட்.

ஆனால் கவனம்: ஏர்ஃபிக்ஸ் ஹெரால்டுக்கு இரண்டு கதவு. பின்னாளில் சென்னையில் வந்த ஹெரால்டு மார்க் 3-க்கு நான்கு. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பக்கவாட்டுப் பலகையில் புதுக் கோடு கீறி, பழைய கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து... மவுண்ட் ரோடு டிங்கரிங் கடை வேலைதான், கொஞ்சம் சின்னதாக.

● முழுக்க நியூசிலாந்துக் காரே செய்யவேண்டும் என்று ஆசையா? ‘டிரெக்கா’ இருக்கிறது. 1966 முதல் 1973 வரை ஒட்டாஹுஹுவில் தயாரானது. முகம் லேண்ட் ரோவர் மாதிரி. வயிற்றுக்குள் செக்கோஸ்லோவாகியாவின் ஸ்கோடா ஆக்டேவியா எஞ்சின். முரட்டுத் தோற்றம்தான், நாலு சக்கர இழுவை கிடையாது. சுமார் 2,500 வண்டிகள் வந்தன. பெரிய அச்சு இயந்திரம் இல்லாத ஊரில் தகட்டை வளைத்துச் செய்த பாடி என்பதால் எல்லாம் தட்டையான பலகைகள். அதனால் கிட் தேடி அலையவே வேண்டாம், ஒரு மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டும் கத்தியும் போதும். 2003-ல் வெனிஸ் பியனாலே கலைக்கண்காட்சியில் நியூசிலாந்து சார்பாக மைக்கேல் ஸ்டீவன்சன் என்ற கலைஞர் காட்சிக்கு வைத்தது இந்த டிரெக்காவைத்தான்.

● ஆஸ்டின் 7, பி.எம்.டபிள்யூ. டிக்ஸி, பிரான்சின் ரோசன்கார்ட். பெயர் மூன்று, கார் ஒன்று. பி.எம்.டபிள்யூ. கார் உலகத்துக்குள் நுழைந்ததே ஆஸ்டின் 7-ஐ உரிமம் பெற்றுச் செய்த டிக்ஸி கம்பெனியை 1928-ல் வாங்கித்தான். மேட்ச்பாக்ஸ் 1992-ல் இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆக்லாந்துக்கு ஆஸ்டின் 7 இன்னொரு விதத்தில் சொந்தம். ரெமுவேராவில் கராஜ் வைத்திருந்தவரின் மகன் ஒருவன், பதின்வயதில், 1952-ல் முரிவாய் மலையேற்றப் பந்தயத்தில் ஆஸ்டின் 7 அல்ஸ்டர் ஓட்டினான். அதுதான் அவனுக்கு முதல் பந்தயம். பெயர் புரூஸ் மெக்லாரன்.

● அந்த மெக்லாரன் 1966-ல் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றார். கறுப்பு ஃபோர்டு ஜி.டி.40, எண் 2. இந்தக் காரை மாடலாகச் செய்கிறவர்கள் பக்கத்திலேயே நீல நிற எண் 1-ஐயும் வைப்பது வழக்கம். காரணம், இரண்டும் சேர்ந்தே கோட்டைத் தாண்டின. புறப்படும்போது எண் 2 சுமார் 20 மீட்டர் பின்னால் நின்றது. ஆகவே அதுதான் அதிக தூரம் ஓடியது என்று தீர்ப்பு. எண் 1-ஐ ஓட்டிய இருவரில் ஒருவர் டென்னி ஹல்ம். அவரும் நியூசிலாந்துக்காரர்தான்!

● இந்த நாட்டுக்கே உரிய குட்டிக் கார் பிராண்டு ‘ஃபன் ஹோ!’. அண்டர்வுட் என்பவர் 1930-களில் ஈயத்தில் தொடங்கினார். பிறகு அலுமினிய வார்ப்பு. டாரனாகி பகுதியின் இங்கில்வுட் ஊரில் தொழிற்சாலை. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெளிநாட்டுப் பொம்மைகள் அரிதாக இருந்த காலத்தில் நியூசிலாந்துப் பிள்ளைகள் மண்ணில் உருட்டியது இவற்றைத்தான். 1982-ல் உற்பத்தி நின்றது. இங்கில்வுட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது.

● நம் பக்கத்துக் கதை: பிரிட்டனின் டிங்கி பொம்மைக் கார் அச்சுகள் 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே ‘நிக்கி’ என்ற பெயரில் வார்த்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் டிங்கியையும் நிக்கியையும் கவிழ்த்துப்போட்டு அடிப்பலகையை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

● கிட்டில் வரும் குரோம் பாகங்கள் பிடிக்கவில்லையா? பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய அலுமினியப் படலம்தான் அது. துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போட்டால் கழன்றுவிடும். இங்கே எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும் ஜனோலா போதும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், கையுறை போடுங்கள். பிறகு பித்தளை நிறமோ நிக்கல் நிறமோ பூசிக்கொள்ளலாம்.

● பழைய கார் மாடல் பொம்மையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் சக்கரமே காரணம். நிஜக் கம்பி ஆரம் 4 மி.மீ. தடிமன் என்றால் 1/24-ல் 0.17 மி.மீ.தான் வரவேண்டும். பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லிசாக வார்ப்பது கடினம். அரை மி.மீ. என்றாலே நிஜத்தில் 12 மி.மீ. கம்பிக்குச் சமம். மாட்டுவண்டிக்குத்தான் ஆகும். பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த ஆரங்களைத் தனியாக வாங்கிப் போடுகிறவர்கள் பணத்தை வீணாக்கவில்லை.

● ஆக்லாந்தின் ஈரக்காற்று பெயின்ட்டுக்கு எதிரி. லாக்கர் உலரும்போது கரைப்பான் ஆவியாகிப் பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அங்கே படியும். பளபளப்பு போய் வெள்ளையாகப் பூத்துவிடும். மழைநாளில் ஸ்ப்ரே வேண்டாம். சென்னையின் நவம்பர் மாதத்துக்கும் இதே விதி.

● ஜப்பானின் தமியா, 1976-ல் வந்த போர்ஷே 934 மாடலுக்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால் அளவெடுக்கலாம், படமெடுக்கலாம். வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் 1964-ல் திறந்த மோட்டாட் அருங்காட்சியகம் ஆக்லாந்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். போகும்போது காரின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். டேஷ்போர்டு, கதவுக் கீல், சக்கரத்தின் உள்பக்கம், அடிப்பகுதி, இவற்றை எடுங்கள். கிட் விளக்கத்தாளில் இல்லாதது அங்கேதான் இருக்கும். ஊரில் தாத்தாவின் ஹெரால்டோ மைனரோ ஷெட்டில் கிடந்தால், பழைய இரும்புக்காரர் வருமுன் அதையும் ஒரு டேப் வைத்து அளந்து குறித்துவையுங்கள்.