மரமேறும் தொழிலாளியின் பாதுகாப்பும் உரிமையும்

வண்டலூரில் புறப்பட்டுப் படப்பை, ஒரகடம் ஆகிய ஊர்களைக் கடந்து வாலாஜாபாத்தில் வந்து முடியும் மாநில நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் ஆலைகளும், சரக்குக் கிடங்குகளும் அணியணியாக எழுந்துவிட்ட இந்நாளில், அவற்றின் மதிலுக்குள் நிழலுக்கென்று வளர்க்கப்பட்ட தூங்குமூஞ்சி, வேம்பு முதலிய மரங்களைக் கழித்துச் சீர்செய்வதற்கும், ஊருக்குள் மின்கம்பியை உரசும் புளியங்கிளையை இறக்குவதற்கும், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயலையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் போன்ற பேரிடர்களுக்குப் பின் கூரைமேல் சாய்ந்து கிடக்கும் மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவதற்கும் நாம் தேடி அழைக்கிற மனிதன் ஒருவனே. மேஸ்திரி பேசி முடித்த மொத்தக் கூலிக்கு, இடுப்பில் அரிவாளும் தோளில் நைலான் கயிறுமாக, வெறுங்காலோடு மரமேறும் தொழிலாளி அவன்.

அவனுக்குப் பெரும்பாலும் வேலை நியமனக் கடிதம் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. தவறி விழுந்தால் அது அவனுடைய விதி என்றும், மேஸ்திரி கையில் வைக்கும் சிறு தொகையே கருணை என்றும் அவனது குடும்பமும் நம்புகிறது. வேலை கொடுத்தவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை தவறானது. மரத்தின்மேல் நிற்பவனுடைய உயிருக்குக் கீழே நின்று வேலை ஏவுகிறவர் பொறுப்பாளி என்பது தர்மம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். அதை இருசாராரும் அறிந்துகொள்வது அவசியம்.

அபாயங்கள் எவை?

முதலாவது, விழுதல். நம் பக்கத்து ஏரிக்கரைகளில் பனையேறும் தொழிலாளர், காலில் தளையை மாட்டி, தம்மையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிய இடைக்கயிற்றின் பலத்தில் உயரம் கடக்கும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றவர்கள். அந்த வித்தையின் பெருமை குறைவானதன்று. ஆயினும் பனைக்கும் தென்னைக்கும் கிளையில்லை. புளியிலோ வேம்பிலோ ஏறும்போது, கிளை குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் இடைக்கயிற்றை அவிழ்த்து அதற்கு மேலே மறுபடி கட்டவேண்டியிருக்கிறது. அவிழ்த்ததற்கும் கட்டியதற்கும் இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளில் தொழிலாளியைத் தாங்குவது அவன் கைப்பிடி ஒன்றுதான். தென்னை ஏறுவதற்காகக் கேரளத்துச் செம்பேரி ஜோசப் வடிவமைத்ததும், இன்று தமிழ்நாட்டிலும் புழங்குவதுமான ஏறுகருவியும் கிளையற்ற மரத்துக்கே உரியது. கவைத்துப் பரந்த மரத்தில் அது பயன்படாது.

இரண்டாவது, மின்சாரம். கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். பச்சைக்கிளையும் மழையில் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்துவன. ஆகவே வெட்டுண்ட கிளை சரிந்து கம்பியின்மேல் சாய்ந்த கணத்திலேயே, அதன் மறுமுனையைப் பற்றியிருப்பவன் பிராணனை இழக்கக்கூடும். மின்கம்பி வேலைக்கென்று தனிப்பயிற்சி பெறாத மரத்தொழிலாளி, மின்னோட்டமுள்ள கம்பிக்கு 10 அடிக்குள் தன் உடலோ கருவியோ கிளையோ செல்ல விடலாகாது என்பது அமெரிக்க மரப்பணிப் பாதுகாப்பு நெறி விதித்துள்ள குறைந்தபட்ச எல்லை.

மூன்றாவது, அறுக்கும் மிஷின். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மோட்டார் ரம்பத்தை இயக்குவது இங்கே சர்வசாதாரணமாகக் காணப்படும் காட்சி; ரம்பத்தின் நுனி கட்டையில் பட்டு முகத்தை நோக்கித் துள்ளும்போது அதை அடக்க இரண்டு கைகளும் வேண்டும். நான்காவதாக, உளுத்த கொம்பும், கதண்டுக் கூடும், கீழே நிற்பவர்மேல் விழும் கிளையும். இவை ஒவ்வொன்றும் ஏறுமுன் நின்று நோக்கினால் பெரும்பாலும் தெரியக்கூடியவை.

கருவிகளும் முறைகளும்

மரமேறுதலை ஒரு நுட்பத்தொழிலாக வளர்த்த நாடுகளில் பின்பற்றப்படும் முதல் விதி இது: தரையை விட்டகன்ற நொடியிலிருந்து தரையைத் தொடும் நொடிவரை தொழிலாளி ஏதேனும் ஒரு கயிற்றோடு பிணைந்தே இருக்கவேண்டும், ரம்பத்தை இயக்கும் வேளையிலோ இரண்டு பிணைப்புகள் வேண்டும். இதற்கு அவர்கள் கையாளும் முறை எளியது. மணல் நிரப்பிய சிறு பையை மெல்லிய எறிகயிற்றில் கட்டி, உச்சியை அடுத்த ஓர் உறுதியான கவையின்மேல் வீசி, அதன் வழியே பிரதானக் கயிற்றை இழுத்துப் போடுகிறார்கள். கவை பச்சையாயும் அடிமரத்தோடு நன்கு பொருந்தியதாயும் இருக்கவேண்டும். பிறகு கயிற்றின் ஒரு முனையைத் தொழிலாளியின் இருக்கைவாரில் கட்டி, அதே முனையின் மிச்சத்தைக் கொண்டு, எதிர்ப்புறம் தொங்கும் கயிற்றின்மேல் இறுகுமுடிச்சு ஒன்றைச் சுற்றிப் போடுகிறார்கள். கையால் தள்ளினால் நகர்ந்து, உடலின் பாரம் ஏறியதும் கயிற்றைக் கவ்விக்கொள்வதே அந்த முடிச்சின் இயல்பு. கைதவறினாலும் கால்வழுக்கினாலும் மனிதன் தொங்குவானேயன்றி விழமாட்டான். இந்த இனத்து முடிச்சுகளுள் புகழ்பெற்ற ஒன்றை 1931-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு மலையேறியான கார்ல் புருசிக் வெளியிட்டார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஏறுமுன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்கி, முடிச்சு பிடிக்கிறதா, கவை அசைகிறதா என்று சோதித்தறிந்த பின்னரே மேலே செல்லவேண்டும்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். மூட்டை கட்டவும் வண்டியிழுக்கவும் வாங்கிய கயிறு மனித உயிரைத் தாங்குவதற்கு உரியதன்று. மரமேறும் கயிறு அறுபடுவதற்கு முன் ஏறத்தாழ 2,400 கிலோ பாரத்தையேனும் தாங்கவேண்டும் என்பது மேற்சொன்ன அமெரிக்க நெறியின் விதி. இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட், விழும்போது முதுகெலும்பையும் வயிற்றையும் சிதைக்கவல்லது; ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் கொண்ட முழுவுடல் பாதுகாப்பு வாரும், ஐ.எஸ். 2925 எண் கொண்டதும் தாடைப்பட்டை உள்ளதுமான தலைக்கவசமும் கேட்டு வாங்கத்தக்கவை. பிரிட்டனில் ஏறுகருவிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் பரிசோதிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. நம் தொழிலாளியும் ஒவ்வொரு நாளும் கயிற்றை முழம் முழமாக விரலால் தடவிப் பார்த்து, நூல் பிய்ந்த கயிற்றை வெட்டியெறிந்துவிட வேண்டும்.

கிளை அறுப்பதிலும் ஒரு கிரமம் உண்டு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேற்புறத்திலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரித்துக்கொண்டு தொழிலாளியின் பக்கம் பாயாமல் முறிந்து விழும். எஞ்சிய கட்டையைப் பின்னர் அதன் கழுத்தை ஒட்டி அறுத்தால் மரத்தின் காயமும் விரைவில் மூடும். காலில் ஆணிப்பட்டை கட்டி ஏறுவது முழுமரத்தையும் வீழ்த்தும்போது மட்டுமே தகும். உயிரோடு இருக்கப்போகிற மரத்தை அது புண்ணாக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாள் மரமேறலாகாது. நினைவிழந்து வாரில் அசைவற்றுத் தொங்குபவனை சில நிமிடங்களுக்குள் கீழே இறக்காவிட்டால் அந்தத் தொங்கலே அவனுக்கு எமனாகிவிடும்; ஆகையால் ஏறத்தெரிந்த இன்னொருவர், இன்னொரு கயிற்றோடு, கீழே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

உரிமைகள் எவை?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், பனை சீவுவோரையும் மரம் வெட்டுவோரையும் தன் அட்டவணையிலேயே குறிப்பிட்டிருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? தற்காலிக வேலை என்ற காரணத்தால் தொழிலாளியை விலக்கிய வாசகமும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்றுக்கொண்டது. நஷ்டஈட்டின் அடிப்படை நெறிகள் அதிலும் தொடர்கின்றன.

தொகையின் அளவை ஓர் உதாரணத்தால் காண்போம். மாதம் 15,000 ரூபாய்க் கூலியுள்ள, 40 வயது நிரம்பிய ஒருவர் வேலையில் விழுந்து இறந்தால், பழைய சட்டத்தின் கணக்குப்படி கூலியில் பாதியான 7,500 ரூபாயை அவ்வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கவேண்டும். வருவது 13,81,275 ரூபாய். சாவுவீட்டில் ஐம்பதாயிரத்தை நீட்டி வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைந்நாட்டோ வாங்குவது, அந்தக் குடும்பத்தின் ஆஸ்தியைப் பறிப்பதாகும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கும் எந்த ஒப்பந்தமும் சட்டத்தின் முன் செல்லாது. “குடித்திருந்தான், அதனால் விழுந்தான்” என்ற வாதமும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்த வழக்கில் முதலாளியைக் காப்பாற்றாது. ஆனால் அதைவிடக் குறைந்த காயமானால், கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிவிட்டவர் தம் நஷ்டஈட்டை இழக்க நேரிடும். வாரையும் தலைக்கவசத்தையும் உதறாமல் அணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிற்சாலை வளாகத்துக்குள் காண்டிராக்டர் மூலம் வேலை செய்வோருக்கு மற்றொரு காப்பும் உண்டு. மாதக்கூலி 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கு இ.எஸ்.ஐ. சந்தா செலுத்தும் முதற்பொறுப்பு ஆலை முதலாளியைச் சார்ந்தது. வேலைக்காயத்தால் படுத்திருக்கும் காலத்திலும், மரணம் நேர்ந்தால் சார்ந்தோருக்கும், கூலியில் 90 சதவீத அளவில் உதவித்தொகை கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சுகிற தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையையும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழங்குகிறது.

பரிகாரங்கள் எவை?

விபத்து நேர்ந்தால் முதற்காரியம் 108-க்கு அழைப்பது. முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும் ஆகையால், விழுந்தவரைத் தூக்கி நிறுத்தவோ இருசக்கர வண்டியில் ஏற்றவோ கூடாது. மருத்துவமனையில், வேலை செய்கையில் மரத்திலிருந்து விழுந்தார் என்பதை உள்ளபடியே பதியச் செய்யவேண்டும். “வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற யோசனைக்கு இணங்கினால் பின்னாளில் வழக்கே நிற்காது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுதல், அறுந்த கயிற்றையும் இடத்தையும் படமெடுத்தல், வேலைக்கு அழைத்த தொலைபேசிச் செய்தியையும் கூலி வந்த வங்கிக் கணக்கையும் பத்திரப்படுத்துதல், உடனிருந்தோரின் பெயர்களைக் குறித்தல் ஆகிய இவை நியமனக் கடிதம் இல்லாதவனுக்கு நியமனக் கடிதத்தின் ஸ்தானத்தில் நின்று உதவும்.

நஷ்டஈட்டு மனுவைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் அளிக்கவேண்டும். பழைய சட்டம் விதித்த கெடு இரண்டாண்டு. ஆகவே எக்காரணம் கொண்டும் அதைக் கடத்தாதிருப்பது உத்தமம். ஆலைக்குள் நேர்ந்த விபத்தைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் எழுதலாம். வக்கீல் வைக்கச் சக்தியற்றவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை நாடலாம்.

விபத்துக்கு முன்பே செய்துகொள்ளத்தக்கவையும் உண்டு. பனைத்தொழிலாளருக்கு 2006-இல் அமைந்த தனி நல வாரியமும், ஏனையோருக்கு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியமும் இருக்கின்றன. அவற்றில் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயதுவரை வங்கிக் கணக்குள்ள எவரும் சேரலாம். அரசு நிலத்து மரமானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி நகலைக் கேட்டுப் பார்த்தபின்னரே தொழிலாளி அரிவாளை எடுக்கட்டும். அனுமதியில்லாத வெட்டுக்கு அகப்படுபவனும் அவனாகவே இருந்துவிடலாகாது.

முடிவாக, மரத்தைக் கழிக்க ஆளைத் தேடும் ஆலை நிர்வாகிகளுக்கும், குடியிருப்புச் சங்கத்தாருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கூலியைப் பேசுமுன் கயிற்றைப் பாருங்கள். வாரும் தலைக்கவசமும் இல்லையென்றால் அவற்றை வாங்கிக் கொடுக்கும் செலவையும் வேலையின் செலவாகவே கருதுங்கள். கம்பி அருகிலிருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்டதை ஊழியர் வாயிலாக உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே கயிறு பிடிக்க இன்னோர் ஆளை வையுங்கள். மழையிலும் பலத்த காற்றிலும் ஒருவரையும் ஏறச் சொல்லாதீர்கள். இத்தனையும் செய்ய இயலாதவர், அந்த மரத்தில் இன்னொருவருடைய மகனை ஏற்றுவதற்கு உரிமையுடையவர் அல்லர்.