கணினி அறியாத கட்டளை

புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பது பழைய ஊர்க்கதை. அளந்து பார்த்தவர்களோ அதற்கும் அடியுண்டெனக் கண்டனர். கணினியிலும் ஊகத்தை விட்டு அளந்து பார்க்கவேண்டிய இடங்கள் உள; அவற்றுள் ஒன்றை இன்று நோக்குவோம்.

புத்தூர் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்துப் புதுக் கணினியில் தமது நிரலைத் தொகுத்து, வீட்டிலுள்ள பழைய கணினிக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் சிறிது தூரம் ஓடுகிறது. பின்னர் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்’ என்ற ஒற்றை வரியுடன் நின்றுவிடுகிறது. தாம் எழுதியதே பிழையென எண்ணி, அவர் பல நாள் உழைப்பை அழித்தெழுத முற்படுகிறார். சற்றே பொறுத்தல் நன்று.

நாம் எழுதும் நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பி என்னும் மென்பொருள். எல்லாச் செயலிகளும் எல்லாக் கட்டளைகளையும் அறிந்தவையல்ல. இன்டெல் நிறுவனம் ஏவிஎக்ஸ் கட்டளைகளை 2011இலும், ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை 2013இலும் தன் செயலிகளிற் சேர்த்தது. ‘மார்ச் நேட்டிவ்’ என்னும் தெரிவைக் கொடுத்தால், தொகுப்பி தான் இயங்கும் கணினியின் புதிய கட்டளைகளையும் தாராளமாக எடுத்தாளும். பழைய செயலியோ, தான் அறியாத முதற் கட்டளையை எட்டும்வரை ஓடி, அங்கே நின்றுவிடும். 2018இல் வெளியான டென்சர்ஃப்ளோ 1.6இன் ஆயத்தப் பதிப்பும் ஏவிஎக்ஸ் இல்லாத செயலிகளில் இயங்க மறுத்தது.

இதனை அறிவது எங்ஙனம்? ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியில் நிரலை ஓட்டி, அது நின்ற இடத்துக் கட்டளையைக் காட்டச் செய்க. அதன் பெயர் ‘வி’ என்னும் ஆங்கில எழுத்திலே தொடங்கினால், பெரும்பாலும் அது ஏவிஎக்ஸ் குடும்பத்தது. லினக்சில் செயலியின் திறன்களைக் காட்டும் பட்டியலோடு அதனை ஒப்பிடுக. பட்டியலில் அத்திறன் இல்லையேல், பழைய செயலிக்கும் பொருந்தும் பொதுத் தெரிவுடன் நிரலை மீண்டும் தொகுத்தால் போதும். நின்ற இடம் பிறர் ஆக்கிய நூலகமாயின், அந்நூலகத்தையே மீண்டும் தொகுத்தல் வேண்டும்.

ஆனால், ‘யுடி2’ என்னும் கட்டளை தென்பட்டால் செய்தி வேறு. எட்டவொண்ணாத இடமெனக் கருதித் தொகுப்பியே இட்ட காவல் அது. அங்கே நமது நிரலைத்தான் ஆராய வேண்டும்.

ஒரே செய்தி, இருவேறு நோய்கள். நின்ற கட்டளையைக் காணுமுன் நல்ல நிரலை அழிப்பதும், உழைக்கவல்ல பழைய கணினியை ஒதுக்குவதும் வீண் இழப்பாகும்.