‘நேத்து மாதிரி இல்ல டாக்டர்...’ - பெற்றோரின் பயத்துக்குக் காது கொடுக்கும் ‘மார்த்தா விதி’ என்றால் என்ன?

“நேத்து மாதிரி இல்ல டாக்டர், இன்னைக்கு ரொம்ப சோர்ந்து கெடக்கா.”

“பயப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்.”

பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்த எவருக்கும் இந்த உரையாடல் புதிதல்ல. பெரும்பாலும் டாக்டர் சொல்வதே சரியாக இருக்கும். ஆனால், அம்மா சொல்வது சரியாக இருக்கும் நாளில் யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் கிடைத்த பதில்தான் ‘மார்த்தா விதி’. அதற்குக் கொடுத்த விலை, 13 வயதுச் சிறுமியின் உயிர்.

யார் இந்த மார்த்தா?

லண்டனைச் சேர்ந்த மார்த்தா மில்ஸ், 2021 கோடை விடுமுறையில் குடும்பத்துடன் வேல்ஸ் சென்றிருந்தார். அங்கே சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, கணையத்தில் காயம் ஏற்பட்டது. இத்தகைய காயங்களுக்குச் சிறப்புப் பிரிவு கொண்ட லண்டன் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார்.

சில வாரங்களில் கிருமித் தொற்று ஏற்பட்டது. காய்ச்சல் விடவில்லை. ரத்தம் கசிந்தது. உடலில் தடிப்புகள் வந்தன. தாய் மெரோப் மில்ஸ் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அது தொடர் விடுமுறை வார இறுதி. மூத்த மருத்துவர்கள் இல்லாத நேரத்தில் மகளுக்கு செப்சிஸ் முற்றிவிடுமோ என்ற பயத்தையும் வெளிப்படையாகவே சொன்னார். கிடைத்தது ஆறுதல் வார்த்தை மட்டும்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆள் வந்து பார்த்தால் பெற்றோரின் பதற்றம் கூடும் என்று மருத்துவர் ஒருவர் நினைத்ததும் பின்னர் தெரியவந்தது. 2021 ஆகஸ்ட் 31-ல் மார்த்தா இறந்தார். இன்னும் சில நாட்களில் அவருக்கு 14-வது பிறந்தநாள்.

முன்கூட்டியே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி கூறினார். மருத்துவமனை மன்னிப்புக் கேட்டது. பத்திரிகையாளரான மெரோப், நடந்ததை எழுதினார். இன்னொரு குழுவை அழைக்கும் உரிமை குடும்பத்துக்கு வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

விதி என்ன சொல்கிறது?

2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பொது சுகாதாரச் சேவையான என்எச்எஸ் இந்த விதியை அறிவித்தது. இதில் மூன்று அம்சங்கள் உண்டு.

1. நோயாளியின் நிலை எப்படி இருக்கிறது, மோசமாகிறதா என்று தினமும் ஒரு முறையாவது நோயாளியிடமோ குடும்பத்தினரிடமோ கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

2. சந்தேகம் இருந்தால் நர்ஸ் உள்பட எந்த ஊழியரும் வேறொரு குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

3. நோயாளியும் குடும்பத்தினரும் அதே உதவியை 24 மணி நேரமும் நேரடியாகக் கேட்கலாம். அதற்கான எண்ணை மருத்துவமனை அனைவருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும்.

இதற்கு முன்னோடி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. அங்கே 2007-ல், மூன்று வயதுகூட நிரம்பாத ரயன் சாண்டர்ஸ் தொற்றால் இறந்தான். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொல்லியும் உரிய நேரத்தில் பலன் கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்தது ‘ரயன் விதி’. முதலில் டாக்டர் அல்லது நர்ஸ், அடுத்து வார்டு பொறுப்பாளர், அப்போதும் தீராவிட்டால் போன் செய்து மறுபரிசோதனை கேட்கலாம்.

பெற்றோர் பேச்சுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

செப்சிஸ் என்பது கிருமிக்கு எதிரான உடலின் போராட்டமே உறுப்புகளைத் தாக்கத் தொடங்கும் நிலை. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. டாக்டர் சில நிமிடங்கள் பார்க்கிறார். ஷிஃப்ட் மாறினால் நர்ஸும் மாறுகிறார். பிள்ளை வழக்கமாக எப்படி இருக்கும், நேற்று எப்படி இருந்தது என்று முழுசாகத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ அப்பாவோதான்.

இந்தியாவில் என்ன வழி?

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், வேறொரு மருத்துவரிடம் கருத்து கேட்பதை உரிமையாகவே சொல்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறைகள்.

வார்டில் நிற்கும்போது “பயமா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், “நேத்து ரெண்டு இட்லி சாப்பிட்டா. இன்னைக்கு தண்ணிகூட இறங்கல, காலையில இருந்து யூரின் போகல” என்று மாற்றத்தைச் சொல்லுங்கள். அதையே நேரத்துடன் போனில் குறித்து வையுங்கள். ராத்திரி டூட்டி டாக்டர் யார், அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று மாலையிலேயே கேட்டுவிடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால், “பெரிய டாக்டர் ஒரு தடவை வந்து பார்க்கணும்” என்று கேளுங்கள்.

“தொந்தரவு பண்றாங்கன்னு நினைச்சுப்பாங்களோ” என்ற தயக்கம்தான் பலரின் வாயை அடைக்கிறது. நினைத்தால் நினைக்கட்டும். வந்து பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்லம்மா” என்று டாக்டர் சொன்னால், அதைவிட நல்ல செய்தி வேறென்ன?