பழைய போனுக்குப் புது உயிர்!
செல்போனுக்கு எஜமான் யார்? வாங்கியவரா, விற்ற கம்பெனியா?

2008-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் ஒருவர் தன் காதலியோடு செல்போனில் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். நடுவில் போன் தகராறு செய்தது. அதை அணைத்து மறுபடி போட்டார். அதற்குள் காதலிக்குப் பொறுக்கவில்லை. ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தாள்.

அவர் ஒரே ஒரு வார்த்தையைப் பதிலாகத் தட்டினார்.

"ரீபூட்."

போனை அணைத்துப் போட்டேன் என்பது அதன் பொருள்.

அடுத்த நொடி, போன் அணைந்தது! தானாகவே மறுபடி எழுந்தது!

அவர் திடுக்கிட்டார். செய்தி வெளியே பரவியது. அதே போன் வைத்திருந்த மற்றவர்களும் அந்த வார்த்தையைத் தட்டிப் பார்த்தார்கள். அவர்கள் போனும் அணைந்து எழுந்தது.

திறந்து கிடந்த கதவு

அந்தப் போனின் பெயர் ஜி-1. தைவான் நாட்டின் எச்.டி.சி. கம்பெனி செய்தது. ஆண்ட்ராய்டு சாப்ட்வேரோடு உலகில் விற்பனைக்கு வந்த முதல் செல்போன் அதுதான். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் போனில் தட்டிய எழுத்துகள் திரையில் தெரிந்ததோடு நிற்கவில்லை. திரைக்குப் பின்னால், கட்டளை வாங்கும் இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. அங்கே வந்த சொல் கட்டளையாக இருந்தால், அதை எஜமானின் உத்தரவாக எண்ணிப் போன் உடனே நிறைவேற்றியது. செய்து முடித்தபோது யாரோ சாத்த மறந்த கதவு அது!

கூகுள் கம்பெனி சில நாட்களிலேயே கதவைச் சாத்திவிட்டது. ஆனால் அதற்குள் கெட்டிக்காரர்கள் உள்ளே புகுந்து பார்த்துவிட்டார்கள். வீட்டின் எல்லா அறைகளுக்கும் சாவி கிடைத்த மாதிரி இருந்தது அவர்களுக்கு. இந்தச் சாவிக்கு "ரூட்" என்று பெயர்.

சாவி கிடைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கம்பெனி போட்டுக் கொடுத்த சாப்ட்வேரை எடுத்தார்கள். தங்களுக்குப் பிடித்தபடி மாற்றித் திரும்பப் போட்டார்கள். போனுக்குப் புது உயிர் கொடுக்கும் வேலை அன்று தொடங்கியது.

உடம்பும் உயிரும்

செல்போனுக்கு உடம்பு வேறு, உயிர் வேறு. கண்ணாடி, பாட்டரி, சிப் எல்லாம் உடம்பு. அதை இயக்கும் சாப்ட்வேர்தான் உயிர். தொழிற்சாலையிலேயே உள்ளே பதித்து அனுப்பும் இந்தச் சாப்ட்வேரை "ஃபர்ம்வேர்" என்கிறார்கள்.

அதன் நடுவில் இருப்பது "கெர்னல்". கெர்னல் என்றால் பருப்பு. தேங்காய்க்குள் பருப்பு இருப்பதுபோல, சாப்ட்வேருக்குள் அது இருக்கிறது.

கெர்னல் என்ன செய்கிறது? வீடு கட்டும் இடத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். கொத்தனாருக்குச் செங்கல் வேண்டும். தச்சருக்கு மரம் வேண்டும். ஆளாளுக்கு எடுத்தால் என்ன ஆகும்? சண்டைதான் மிஞ்சும். அதனால் எல்லாவற்றுக்கும் மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எப்போது என்று அவர் அளந்து கொடுப்பார்.

போனில் கெர்னல்தான் மேஸ்திரி. காமிரா வேண்டுமா? கெர்னலைக் கேட்க வேண்டும். ஒலி வேண்டுமா? கெர்னலைக் கேட்க வேண்டும். சிப் எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பதும் அதன் பொறுப்பு.

ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் கெர்னலின் பெயர் லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் 21 வயது மாணவர் ஒருவர் எழுதத் தொடங்கியது அது. அவர் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாற்றியதைப் பிறருக்குக் கொடுப்பவர், எப்படி மாற்றினார் என்பதையும் காட்ட வேண்டும். செல்போன் கம்பெனிகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். பிறகு நடந்த கதைக்கெல்லாம் இந்த நிபந்தனைதான் அஸ்திவாரம்.

மேஸ்திரியை மாற்றினால்?

ஜி-1 போனின் சிப், ஒரு நொடியில் 52 கோடியே 80 லட்சம் துடிப்புகள் வரை ஓட வல்லது. ஆனால் கம்பெனி அதை 38 கோடியே 40 லட்சத்தில் கட்டிப் போட்டிருந்தது. புதுக் கெர்னல் போட்டவர்கள் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். அதே போன், அதே சிப்! ஆனால் ஓட்டம் குதிரை ஓட்டம்! பாட்டரியும் அதற்கு ஏற்ற வேகத்தில் தீர்ந்தது என்பது வேறு விஷயம்.

எச்.டி.சி. கம்பெனியின் இன்னொரு போன் எச்.டி-2. அது 2009-ல் வந்தது. அதில் இருந்தது ஆண்ட்ராய்டு அல்ல. மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் மொபைல். அந்தச் சாப்ட்வேர் சீக்கிரமே வழக்கொழிந்து போனது. ஆனால் போன் சாகவில்லை! ஆர்வலர்கள் அதில் ஆண்ட்ராய்டைப் புகுத்தினார்கள். 2016-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 வரை அந்தப் பழைய போனில் ஓட்டிக் காட்டினார்கள்.

இதில் வெறும் வேடிக்கை மட்டும் இல்லை. சாம்சங் கம்பெனியின் கேலக்ஸி எஸ்-3 போன் 2012-ல் வந்தது. அதன் சர்வதேச 3ஜி மாடலுக்குக் கம்பெனி கொடுத்த கடைசி ஆண்ட்ராய்டு 4.3 தான். அதோடு கைகழுவிவிட்டது. போனோ நன்றாகத்தான் இருந்தது. திரை கெடவில்லை. காமிரா கெடவில்லை. ஆனால் புதுப் பாதுகாப்பு வராத போன், பூட்டு துருப்பிடித்த வீடு மாதிரி. திருடனுக்குச் சுலபம். ஆர்வலர்கள் கொடுத்த சாப்ட்வேரைப் போட்டவர்கள், அதே போனில் ஆண்ட்ராய்டு 7.1 வரை பார்த்தார்கள். புதுப் போனுக்குக் காசு கொடுக்காமலே!

விஷ வாயுவின் பெயர்

இந்த ஆர்வலர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஸ்டீவ் கோண்டிக். அமெரிக்கர். "சயனோஜென்" என்பது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். அது ஒரு விஷ வாயுவின் பெயர்! அவர் செய்த சாப்ட்வேருக்கு "சயனோஜென்மாட்" என்று பெயர் வந்தது. 2009-ல் அது ஜி-1 போனுக்கு வெளிவந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். விலை? ஒரு காசு கிடையாது.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. ஆண்ட்ராய்டை யாரும் எடுக்கலாம். ஆனால் ஜிமெயில், யூடியூப், மேப்ஸ் போன்ற செயலிகள் கூகுளின் தனிச் சொத்து. அவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றது நோட்டீஸ்.

கோண்டிக் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. ஒரு வழி பிறந்தது. அந்தச் செயலிகளை நீக்கிவிட்டுச் சாப்ட்வேரை மட்டும் அவர் கொடுத்தார். போன் வாங்கியவர்கள் தங்கள் போனில் ஏற்கனவே இருந்த செயலிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 2010 ஜூலையில், அமெரிக்க அரசு ஒரு முடிவை அறிவித்தது. சொந்தக்காரர் தனக்கு வேண்டிய செயலியை ஓட்டுவதற்காகப் போனின் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைக் குற்றம் ஆகாது என்பதே அந்த முடிவு.

கம்பெனி வந்தது, சண்டையும் வந்தது

பல நாட்டு வாலிபர்கள் சயனோஜென்மாட் வேலையில் சேர்ந்தார்கள். சம்பளம் இல்லை. இரவில் கண்விழித்து எழுதினார்கள். ஆளுக்கு ஒரு போனைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். எந்தச் செயலி நம் அந்தரங்கத்தைப் பார்க்கலாம், எது பார்க்கக் கூடாது என்று தடுக்கும் வசதியை 2013-ல் இவர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு செயலியையும் அப்படித் தடுக்கும் வசதி, கூகுளின் ஆண்ட்ராய்டில் 2015-ல்தான் எல்லாருக்கும் கிடைத்தது.

2013-ல் இந்த வேலை ஒரு கம்பெனி ஆயிற்று. முதல் தவணையாக 70 லட்சம் டாலர் முதலீடு வந்தது. 2014-ல் சீனாவின் ஒன்பிளஸ் கம்பெனி, தன் முதல் போனையே இந்தச் சாப்ட்வேரோடு விற்றது.

இந்தியாவிலும் இதனால் ஒரு வழக்கு நடந்தது. சயனோஜென் கம்பெனி, இந்தியாவில் மட்டும் இந்தச் சாப்ட்வேர் மைக்ரோமேக்ஸ் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் போட்டது. மைக்ரோமேக்ஸ் கோர்ட்டுக்குப் போனது. 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒன்பிளஸ் போன் விற்பனைக்குத் தடை போட்டது. சில நாட்களிலேயே மேல் அமர்வு அந்தத் தடையை விலக்கியது.

ஆனால் கம்பெனி செழிக்கவில்லை. 2016 டிசம்பர் 23-ம் தேதி திடீரென்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 31-ம் தேதியோடு எல்லாச் சேவையும் நின்றுவிடும் என்றது அறிவிப்பு. "சயனோஜென்" என்ற பெயரும் கம்பெனியின் சொத்து. அதை நாளைக்கு யாருக்கும் விற்கலாம். அதை வளர்த்தவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது!

எட்டு ஆண்டு உழைப்பு மண்ணோடு போயிற்றா?

இல்லை. மறுநாளே, கிறிஸ்துமசுக்கு முந்திய தினம், ஆர்வலர்கள் ஒன்றுகூடிப் புதுப் பெயரை அறிவித்தார்கள். "லீனியேஜ்". வம்சாவளி என்று அர்த்தம். எழுதியதெல்லாம் முதலிலிருந்தே எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்ததால், எடுத்துத் தொடர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர் கம்பெனியோடு போயிற்று. வேலை பிழைத்துக்கொண்டது. 2017 ஜனவரியிலேயே லீனியேஜ் போன்களில் ஏறத் தொடங்கிவிட்டது.

எப்படி மாற்றுகிறார்கள்?

போனை முடுக்கியதும் முதலில் விழிப்பது "பூட்லோடர்". அதுதான் வாசல் காவல்காரன். கம்பெனி முத்திரை இல்லாத சாப்ட்வேரை அவன் உள்ளே விடமாட்டான். அதனால் முதல் வேலை அந்தப் பூட்டைத் திறப்பது. சில கம்பெனிகள் தாங்களே வழி சொல்கின்றன. சில மறுக்கின்றன. ஹுவாவே கம்பெனி 2018-ல் பூட்டுத் திறக்கும் எண் கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

பூட்டைத் திறந்தால் போனில் உள்ள படம், செய்தி எல்லாம் பொதுவாக அழிந்துவிடும். எனவே எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்து, "ரெகவரி" என்ற சிறு சாப்ட்வேர். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி அது. பழைய உயிரை எடுத்துப் புது உயிரை வைப்பது அங்கேதான். கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, ஒவ்வொரு படியாகச் செய்வார்கள். வேலை நடக்கும்போது பாட்டரி தீர்ந்தால் ஆபத்து!

செங்கல் ஆகிவிடும்!

தவறினால் என்ன ஆகும்? போன் விழிக்காது. இதைச் "செங்கல் ஆவது" என்பார்கள். காகிதம் பறக்காமல் வைக்கத்தான் அது உதவும். பாதிச் செங்கல் என்றால் மறுபடி உயிர் கொடுக்கலாம். முழுச் செங்கல் என்றால் கடைக்காரரும் கைவிரிப்பார்.

பெரும்பாலும் தவறு நடப்பது மாடல் விஷயத்தில்தான். பெயர் ஒன்று, உள்ளே சிப் வேறு என்று பல போன்கள் உண்டு. ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றில் போட்டால் வினைதான். போனின் 15 இலக்க அடையாள எண் உள்ள பகுதி கெட்டாலும் தொல்லை. அழைப்பே வராது.

வேறு நஷ்டங்களும் உண்டு. கம்பெனியின் உத்தரவாதம் போகலாம். பல சாம்சங் போன்களில் மின் உருகி ஒன்று வைத்திருக்கிறார்கள். அன்னிய சாப்ட்வேர் ஏறியதும் அது எரிந்துவிடும். பழைய சாப்ட்வேரைத் திரும்பப் போட்டாலும் அது ஒட்டாது. சாம்சங்கின் பணம் செலுத்தும் வசதி அந்தப் போனில் பிறகு வேலை செய்யாது. சில வங்கிச் செயலிகளும் மாற்றப்பட்ட போனைக் கண்டால் திறக்க மறுக்கின்றன. பூட்டைத் திறந்து வைத்த போன் திருட்டுப் போனால், திருடனுக்கும் வேலை எளிது. முகம் தெரியாத யாரோ கொடுத்த சாப்ட்வேரில் உளவாளியே இருக்கலாம்.

கம்பெனிகளும் இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. 2023-ல் கூகுள் தன் பிக்சல்-8 போனுக்கும், 2024-ல் சாம்சங் தன் எஸ்-24 போனுக்கும் 7 ஆண்டுகள் புதுச் சாப்ட்வேர் தருவதாக வாக்குக் கொடுத்தன. அப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இல்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை.

ஆகையால், பணம் அனுப்பவும் குடும்பப் படங்கள் வைத்திருக்கவும் வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. மேஜை டிராயரில் தூங்கும் பழைய போன்தான் இதற்குச் சரியான ஆள். அதன் மாடல் எண்ணை லீனியேஜ் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாட்டரியை நிறைத்து, பொறுமையாகச் செய்யலாம். பலித்தால் பிள்ளைகள் படிக்க ஒரு போன் ஆயிற்று. பலிக்காவிட்டால், போனது ஏற்கனவே ஒதுக்கி வைத்த போன்தான்!