புகை ஒண்ணு சொல்லுது, பிளக்கு வேற சொல்லுது!

தீபாவளி லீவுக்கு கோபி வந்தப்போ மாமா முகமே சரியில்ல. அவர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது 1.0 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். திம்பம் மலையோட 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கின பிறகு, சைலன்சர்ல நீலப் புகை வர ஆரம்பிச்சிருக்கு. முதல்ல காட்டின ஒர்க்‌ஷாப்ல, "ரிங் போயிருச்சுங்க, எஞ்சின் இறக்கணும்"னு சொல்லிட்டாங்க. பெரிய செலவு.

நீலப் புகைன்னா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். அது சரிதான். ஆனா ஆயில் எந்த வழியா வருதுன்னு புகை மட்டும் சொல்லாது. அதுக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்க்கணும்.

பிளக் நுனியோட நிறம்:

- இளம் பழுப்பு, சாம்பல்: எரிதல் நல்லா இருக்கு.
- காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம், இல்லன்னா காற்று குறைவு.
- ஈரமான, பளபளன்னு கருப்பு: சிலிண்டருக்குள்ள ஆயில் வருது.
- வெள்ளையா வெந்து, கொப்புளம்: அதிக சூடு.

புகையோட நிறம்:

- கருப்பு: பெட்ரோல் முழுசா எரியல. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற காற்றுப் பைப் கிழிஞ்சாலும் சில கார்ல இப்படி வரும், பிக்கப்பும் போயிடும்.
- அடர்ந்த வெள்ளை, லேசான இனிப்பு வாசனை: கூலன்ட் உள்ள போகுது. ஹெட் கேஸ்கட்டைப் பாருங்க. காலைக் குளிர்ல கொஞ்ச நேரம் வர்ற மெல்லிய வெள்ளை வெறும் நீராவிதான்.
- நீலம்: ஆயில்.

இப்போ டர்போவுக்கு வருவோம். டயகிராம் போட்டு மார்க் வாங்கின அதே டர்போதான். அதோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும், எஞ்சின் ஆயில் படலத்துல மிதந்துக்கிட்டே. அந்த ஆயில் ரிட்டர்ன் பைப் வழியா தானா கீழ இறங்கி எஞ்சினுக்குத் திரும்பணும். பைப் அடைச்சுட்டா ஆயில் தேங்கி, சீலைத் தாண்டி வெளிய வரும்.

- கம்ப்ரஸர் பக்கம் கசிஞ்சா, ஆயில் காற்றோட உள்ள போகும். எல்லா பிளக்கும் ஈரமாகும்.
- டர்பைன் பக்கம் கசிஞ்சா, ஆயில் சிலிண்டருக்கே போகாம நேரா சைலன்சருக்குப் போயிடும். நீலப் புகை வரும், பிளக் சுத்தமா இருக்கும்.
- ஒரே ஒரு பிளக் மட்டும் ஆயிலா இருந்தா, அந்த சிலிண்டரோட ரிங் அல்லது வால்வு சீல் மேல சந்தேகம்.

கோபியில தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாகிட்ட வண்டியை விட்டோம். எஞ்சின் ஆறின பிறகு பிளக்கைக் கழட்டி, எது எந்த சிலிண்டர்னு வரிசையா வெச்சார். மூணும் இளம் பழுப்பு! "ரிங் போயிருந்தா பிளக்கு இப்படி இருக்காது தம்பி"ன்னார். சந்தேகம் தீர கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுத்தார். மூணு சிலிண்டரும் ஒரே அளவு. ரிட்டர்ன் பைப்பைக் கழட்டினா உள்ள கரி அடைச்சிருந்தது. ஷாஃப்ட்டைக் கையால ஆட்டிப் பார்த்தார், பிளேடு எங்கயும் உரசல. பைப்பைச் சுத்தம் பண்ணி ஆயில் மாத்தினதோட சரி. சைலன்சர்ல தங்கின ஆயில் எரிஞ்சு தீர சில நாள் ஆச்சு, அப்புறம் புகையே இல்ல.

அந்தக் கரி எப்படி வந்துச்சு? ஆயிலை நேரத்துக்கு மாத்தாதது ஒண்ணு. மலை ஏறினதும் சூடான டர்போவை உடனே ஆஃப் பண்றது இன்னொண்ணு. நின்னுபோன ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்ணுங்க.

யாராவது "எஞ்சின் இறக்கணும்"னு சொன்னா, முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, பிளக்கைப் பார்த்தீங்களா?"