முன்கட்டையை இழுத்தால் அடுத்த தோட்டா

போன வாரம் பார்த்த மவுசர் போல்ட் ஆக்‌ஷனில் ஒரு சங்கடம் உண்டு. சுட்டதும் வலது கை விசையை விட்டு மேலே போக வேண்டும். போல்ட் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கி, மறுபடி விசைக்குத் திரும்ப வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு இதற்குள் கன்னமும் கட்டையை விட்டு எழுந்துவிடும். 300 கஜத்துக்கு அப்பால், வெட்டவெளியில் நிற்கும் மிருகம் என்றால் பரவாயில்லை. 50 கஜத்துக்குள், மரங்களுக்கு நடுவே பாயும் மான் அதற்குள் கண்ணிலிருந்து மறைந்திருக்கும்.

பம்ப் ஆக்‌ஷன் இந்த வேலையை இடது கையிடம் ஒப்படைத்துவிட்டது. அந்தக் கை ஏற்கெனவே முன்கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் இழுத்தால் காலி உறை வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். வலது கை விசையிலேயே இருக்கும், கண் குறியிலேயே இருக்கும். இடது கைக்காரர்களுக்கு இது பெரிய வரம். பெரும்பாலான போல்ட் ரைஃபிள்களில் பிடி வலப்பக்கம். முன்கட்டைக்கோ இடமும் இல்லை, வலமும் இல்லை.

லீவர் ஆக்‌ஷனுக்கு வேறு தொல்லை. குப்புறப் படுத்துச் சுடுபவருக்கு, விசைக்கடியில் கீழே தள்ளி இயக்கும் லீவர் வளையம் தரையில் இடிக்கும். பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வரிசையாக நிற்கும். ஒன்றின் மூக்கு, முன்னால் உள்ளதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் முட்டும். மூக்கு கூராக இருந்தால் சுடும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம். ஆகவே வழக்கமாக மொட்டை மூக்குத் தோட்டாதான் போடுவார்கள். அது காற்றில் சீக்கிரமே வேகம் இழந்துவிடும்.

1884-இல் வந்த கோல்ட் லைட்னிங் முதலான ஆரம்ப கால பம்ப் ரைஃபிள்களுக்கும் இதே குழாய்தான். ரெமிங்டன் நிறுவனத்துக்காக ஜான் பெடர்சன் வடிவமைத்து 1912-இல் வந்த மாடல் 14 இதற்கு வழி கண்டது. குழாயையே திருகுச் சுருளாக முறுக்கிவிட்டார் பெடர்சன். உள்ளே போகும் ஒவ்வொரு தோட்டாவும் சற்றே சாய்ந்து படுக்கும். மூக்கு பிரைமரைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த முறுக்கு வெளியிலிருந்தே தெரியும். எந்த ரகத் தோட்டா என்று காட்டுவதற்காக, ஒரு தோட்டாவின் பித்தளை அடிப்பாகத்தைத் துப்பாக்கியின் உடலிலேயே பதித்திருப்பார்கள். இயந்திரக் கலையில் இத்தனை எளிமையான விடை அபூர்வம்.

1952-இல் வந்த ரெமிங்டன் 760 குழாயையே விட்டொழித்தது. கழற்றி மாட்டும் பெட்டி மேகசின், போல்ட் ரைஃபிளைப் போலத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் போல்ட் தலை. தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் போன்ற வலுவான தோட்டாவையும் இது தாங்கியது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் கூடாது என்பது சட்டம். அங்கே வேகம் வேண்டியவர்கள் இதைத்தான் எடுத்தார்கள். வெர்மான்ட்டில் பனியில் தடம் பார்த்தே மானைத் தொடர்ந்த லாரி பெனாய்ட்டின் கையிலும் இதுதான் இருந்தது. 1968-இல் மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங்கின் உயிரைப் பறித்ததும் இதே மாடல்தான். இந்த ரைஃபிளைப் பற்றி எழுதும் எவரும் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

குறை இல்லாமல் இல்லை. போல்ட் பிடியைத் தூக்கும்போதே ஒட்டிக்கொண்ட உறையை நெம்பிக் கிளப்பும் பலம் அந்த ஆக்‌ஷனுக்கு உண்டு. பம்பில் நேராக இழுக்கும் கைவலுதான். குழலின் அழுக்கேறிய தோட்டா அறையில், வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டா சிக்கினால் முன்கட்டை அசையாது. அது சறுக்கி ஓட கொஞ்சம் தளர்ச்சி வேண்டும் என்பதால் நடக்கும்போது லொடலொட என்று சத்தம் வேறு. மானுக்குக் காது கூர்மை. துல்லியத்திலும் நல்ல போல்ட் ரைஃபிள்தான் ஒரு படி மேலே. ஆனால் செமி ஆட்டோமேடிக்கைப் போலத் தோட்டாவின் வீரியத்தை நம்பி இயங்கும் அவசியம் பம்புக்கு இல்லை. தோட்டா வெடிக்காமல் போனாலும் ஒரே இழுப்பில் தூக்கி எறிந்துவிடலாம். மலைச்சரிவுக்கும் சமவெளிக்கும் போல்ட்டையே சொல்வேன். அடர்காட்டுக்கு பம்பை விஞ்சியது இல்லை.

(தொடரும்)