முச்சந்திகளை எண்ணினால் போதும்

புதுச்சேரி வெள்ளை நகரத்தின் எல்லாத் தெருக்களையும் தலா ஒரே முறை நடந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்ப முடியுமா? நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தோன்றும். தேவையில்லை. குறுக்குத் தெருக்கள் கடற்கரைச் சாலையில் வந்து முட்டும் இடத்தைப் பார்த்தாலே போதும். முடியாது.

காரணம் எளிது. ஒரு சந்திக்குள் ஒரு தெரு வழியாக நுழைந்தால் இன்னொரு தெரு வழியாக வெளியேற வேண்டும். தெருக்கள் இரண்டிரண்டாகத் தீர்கின்றன. நேரு வீதியும் மிஷன் வீதியும் வெட்டும் நாற்சந்தியில் சிக்கல் இல்லை. முச்சந்தியில் ஒன்று மிஞ்சிவிடும்.

கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களைப் பற்றி 1736இல் கணிதர் லியோனார்டு ஆய்லர் கண்டுகொண்டது இதைத்தான். தெருவின் நீளம், வளைவு, அழகு எதுவும் கணக்கில் வராது. எது எதோடு இணைகிறது என்பது மட்டுமே வரும். இத்தகைய இணைப்புகளை ஆராயும் கோட்டுருவியலின் வகுப்புகள் இன்றும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சந்திக்கு முனை என்று பெயர், தெருவுக்கு விளிம்பு, ஒரு முனையில் கூடும் விளிம்புகளின் எண்ணிக்கைக்குப் படி. புதுச்சேரியின் கட்டம் கட்டமான தெருவமைப்போ அந்தத் துறையைவிட மூத்தது. 1693இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் வரைபடங்களில் அதன் தொடக்கம் இருப்பதை வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இன்னொரு உண்மையும் உண்டு. முச்சந்தி, முட்டுச்சந்து என ஒற்றைப்படையில் தெருக்கள் கூடும் இடங்களை எண்ணுங்கள். எந்த ஊரிலும் அந்த எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வரும். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு முனைகள். எல்லாப் படிகளையும் கூட்டினால் தெருக்களின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு. அது ஒற்றைப்படையாக வழியே இல்லை. இவ்வளவு சிறிய வாதம் உலகத்தின் எல்லா ஊர்களையும் கட்டிப்போடுவது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

அப்படியானால் தெருத்தெருவாகக் குப்பை அள்ளும் வண்டி என்ன செய்யும்? சில தெருக்களில் இரண்டு முறை போகத்தான் வேண்டும். ஒற்றைப்படைச் சந்திகளை இணை இணையாகச் சேர்த்து, அவற்றுக்கு இடையே திரும்பப் போகும் தூரத்தைக் குறைப்பதே வழி. சீனக் கணிதர் குவான் மெய்கு 1960இல் எழுப்பிய இந்தக் கேள்விக்குச் சீன அஞ்சல்காரர் கணக்கு என்று பெயர்.

இதே தெருக்களில் வாசலுக்கு வாசல் விடியற்காலையில் போடும் சிக்குக் கோலத்தில் முச்சந்தியே கிடையாது. கோடு கோட்டை வெட்டும் இடமெல்லாம் நாற்சந்தி. எல்லாப் படியும் இரட்டையாக, கோலமும் துண்டுபடாமல் இருந்தால் ஒரே இழையில் முடிக்கும் வழி நிச்சயம் உண்டு. இதன் முழு நிரூபணம் 1873இல் வெளியான கணிதர் கார்ல் ஹீர்ஹோல்சரின் கட்டுரையில் வந்தது.

ஆனால் கோலம் போடுபவர்கள் கூடுதலாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது, நேராகக் கடக்க வேண்டும். அப்போது கணக்கு மாறுகிறது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும் எளிய சிக்குக் கோலத்தில் இழைகளின் எண்ணிக்கை, வரிசை எண்ணுக்கும் நிரல் எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி. 3க்கு 3 என்றால் 3 இழை. 3க்கு 4 என்றால் ஒரே இழை. 4க்கு 6 என்றால் இரண்டு.

கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோல வடிவங்களுக்கான இலக்கண விதிகளை 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கோட்டுருவியல் படிக்க வரும் மாணவர்களுக்கு கோனிக்ஸ்பெர்க்கோடு அந்தக் கட்டுரையையும் கொடுக்க வேண்டும்.